தோற்கிற அணிக்கு 36 வயதுக்காரர் எதற்கு?

நீங்கள் கேட்டது இது: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஒரு அணி எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுத்த பையன்களை வைத்து அடியிலிருந்து கட்டுகிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஜெயிக்கப்போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அப்படி இருக்கும்போது 35, 36 வயது ஆட்டக்காரரைப் பல லட்சம் டாலர் கொடுத்து ஏன் கூட்டி வருகிறார்கள்? அந்த இடத்தில் 20 வயதுப் பையன் ஆடினால் அவனாவது கற்றுக்கொள்வானே?

நியாயமான கேள்விதான். டிவியில் இதற்கு வழக்கமாக வரும் பதில் "தலைமைப் பண்பு", "லாக்கர் ரூமில் நல்ல மனிதர்" என்பது. அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த ஒப்பந்தத்தை வேண்டுமானாலும் நியாயப்படுத்திவிடலாம். நான் பார்க்கும் கணக்கு வேறு. பையனின் தலையில் விழவிருந்த சுமையைச் சீனியர் வாங்கிக்கொண்டால் அவர் அணிக்கு வேண்டும். பையனின் இடத்தை வாங்கிக்கொண்டால் வேண்டாம். இதில் சிக்கல் என்னவென்றால், முதல் வருடம் சுமையை வாங்கியவரே மூன்றாம் வருடம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கலாம். அதனால் ஆள் யார் என்பதோடு ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சுமை என்று எதைச் சொல்கிறேன்? மூன்றாவது, கடைசிப் பீரியட், இரண்டு நிமிடம் பாக்கி, நம் அணி ஒரு கோல் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக் என்ற ரப்பர் வட்டைப் போட, அணிக்கு ஒருவராக இரண்டு பேர் அதற்குப் போட்டியிடுவது) நம் கோல் பக்கத்து வட்டத்தில். எதிரணி தன் முதல் லைனை, அதாவது சிறந்த முன்கள மூவரை, இறக்குகிறது. நம் பக்கம் வட்டத்துக்குள் வருபவர் 34 வயது சென்டர், அதாவது முன்களத்தில் நடுவில் ஆடுபவர். பக் விழுவதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். திரும்பி, ஓரத்தில் ஆடும் தன் விங்கரைப் பார்த்து, ஸ்டிக் முனையால் ஐஸில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டுகிறார்: அங்கே இல்லை, இரண்டடி உள்ளே வா. பின்னால் நிற்கும் டிஃபென்ஸ்மேனிடம் ஒரு வார்த்தை. பிறகு குனிந்து, கீழ்க்கையை ஸ்டிக்கின் பிளேடுக்குப் பக்கத்தில் இறக்கிப் பிடிக்கிறார். பக் விழுகிறது. ஃபேஸ்ஆஃபை அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் எதிராளியின் ஸ்டிக்கைத் தன் ஸ்டிக்கால் அமுக்கி, இடுப்பைக் கொடுத்து ஆளை அங்கேயே மடக்கி வைத்துவிடுகிறார். அந்த ஒரு நொடிக்குள், இரண்டடி உள்ளே வந்த விங்கர் பக்கை எடுத்துப் பலகையோரமாக வெளியே அடித்துவிடுகிறான். மறுநாள் புள்ளிவிவரத்தில் அந்த 34 வயதுக்காரர் கணக்கில் ஒரு ஃபேஸ்ஆஃப் தோல்வி மட்டும்தான் இருக்கும்.

இதை 18 வயதுப் பையனால் செய்ய முடியாதா? திறமை வேறு, இது வேறு. கானர் பெடார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிராஃப்டில் முதல் ஆளாக சிகாகோ எடுத்த பையன். முதல் சீசனில் 68 ஆட்டத்தில் 61 புள்ளி (அடித்த கோலுக்கும் கோலுக்கு உதவிய பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி), சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை. அதே சீசனில் அவர் ஃபேஸ்ஆஃபில் ஜெயித்தது 40 சதவீதத்துக்கும் குறைவு. எதிரில் குனிந்து நிற்பவருக்கு 28 வயது, முழு வளர்ந்த உடம்பு, பத்து வருடப் பழக்கம். அப்படிப்பட்ட பையனை நம் கோல் பக்கத்து வட்டத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்பினால், ஒரு தடவை ஐஸில் இறங்கி ஆடும் 45 நொடி ஷிஃப்டில் பாதி நேரம் பக்கைத் துரத்துவதிலேயே போய்விடும். அவனை எதற்காக எடுத்தார்களோ, அந்தக் கோல் அடிக்கும் வேலைக்கு மூச்சே இருக்காது.

அந்த சீசனில் சிகாகோ 82 ஆட்டத்தில் 53-ல் நேரடியாகத் தோற்றது. 53 இரவு! ஒவ்வொரு இரவும் ஆட்டம் முடிந்ததும் மைக் நீட்டுவார்கள். இன்று ஏன் தோற்றீர்கள் என்று யாராவது ஒருவர் நின்று பதில் சொல்ல வேண்டும். எல்லா மைக்கும் பெடார்ட் பக்கம்தான் திரும்பும், அவர்தான் நட்சத்திரம். அந்தத் தோல்விகளுக்கு அந்தப் பையன் ஒருவனே முகமாகிவிடாமல், பக்கத்தில் நின்று பதில் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். நிக் ஃபோலின்யோவை 2023 ஜூனில் பாஸ்டனிலிருந்து சிகாகோ வாங்கியபோது அவருக்கு வயது 35. 2024 ஜனவரி 5 அன்று நியூஜெர்சியில் பிரெண்டன் ஸ்மித்தின் மோதலில் பெடார்டின் தாடை உடைந்தது. அதே ஆட்டத்தில் ஃபோலின்யோ ஸ்மித்தோடு கையுறையைக் கழற்றி நின்றார், அவருக்கு விரல் உடைந்தது. சண்டையை நான் பெருமைப்படுத்தவில்லை. சண்டை போட்டதால் தாடை ஒட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த 19, 20, 21 வயதுப் பையன்களுக்கு, நமக்கு ஒன்று என்றால் கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த மாதமே இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டப்பட்டது, செப்டம்பரில் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள்.

சுமையை வாங்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எட்மன்டன்தான் பாடம். 2010-ல் டெய்லர் ஹால், 2011-ல் ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், 2012-ல் நைல் யாகுபோவ் என்று மூன்று வருடம் தொடர்ந்து டிராஃப்டின் முதல் ஆள் அவர்களுக்கே கிடைத்தான். ஆனாலும் 2007-லிருந்து 2016 வரை பத்து சீசன், கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் பக்கமே போகவில்லை. அங்கே சீனியர்களே இல்லை என்று பலர் எழுதுவார்கள், அது சரியில்லை. ரயன் ஸ்மித் 2011-ல் திரும்பி வந்தார், ஷான் ஹார்காஃப் கேப்டனாக இருந்தார், 2013-ல் ஆண்ட்ரூ ஃபெரன்ஸ் வந்தார். பெயர்கள் இருந்தன. எதிரணியின் முதல் லைனை இரவுக்கு இரவு தாங்கக்கூடிய சென்டரும் டிஃபென்ஸ்மேனும்தான் போதுமான அளவுக்கு இல்லை. அதோடு 2010-க்கும் 2015-க்கும் இடையே நான்கு கோச் மாறினார்கள். யார் சொல்வதைப் பையன்கள் பிடித்துக்கொள்வது?

அந்த அணியில் இருந்த ஜஸ்டின் ஷல்ட்ஸ் கதை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இளம் டிஃபென்ஸ்மேன், பக்கை முன்னால் கொண்டுபோவதில் கெட்டிக்காரர். எட்மன்டனில் அவருக்கு முதல்தர டிஃபென்ஸ்மேனின் வேலையைக் கொடுத்தார்கள். அவரால் தாங்க முடியவில்லை, சொந்த ஊர் ரசிகர்களே கத்தினார்கள். 2016 பிப்ரவரியில் ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் உரிமைக்குப் பிட்ஸ்பர்க் வாங்கிக்கொண்டது. அங்கே அவருக்கு முன்னால் கடினமான நிமிடங்களை எடுத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். இவருக்குக் கொடுத்தது இவருக்கு வரும் வேலை மட்டும். அடுத்த சீசனில் 51 புள்ளி எடுத்தார். 2016, 2017 இரண்டு வருடமும் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. ஆள் ஒரே ஆள்தான். தலையில் இருந்த மூட்டைதான் வேறு.

பிட்ஸ்பர்க்கைப் பற்றிச் சொல்லும்போது, ஐஸுக்கு வெளியே நடப்பதையும் சொல்ல வேண்டும். 2006-ல் எவ்கெனி மால்கின் ரஷ்யாவிலிருந்து வந்து சேர்ந்தபோது அவருக்கு 20 வயது. ரஷ்யாவில் இருந்த தன் கிளப்பை விட்டு, பயிற்சிக்குப் போன இடமான ஹெல்சிங்கியிலிருந்து நழுவி வந்தவர். ஆங்கிலம் வராது. அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவர் அதே அணியின் செர்கே கோன்சார், அப்போது 32 வயது. இருவரும் என்.எச்.எல். நடக்காத 2004-05 லாக்அவுட் வருடத்தில் ரஷ்யாவின் மக்னிதகோர்ஸ்க்கில் ஒன்றாக ஆடியவர்கள். வங்கிக் கணக்கு, கார், கடை, கோச் வெள்ளைப்பலகையில் போட்ட கோட்டுக்கு அர்த்தம் என்ன, இதெல்லாம் தாய்மொழியில் கேட்க வீட்டிலேயே ஓர் ஆள். அந்த முதல் சீசனில் மால்கின் கால்டர் கோப்பை வாங்கினார். அதற்கு முந்தைய வருடம் அதே அணியின் இளம் நட்சத்திரம் சிட்னி கிராஸ்பி, அணியின் உரிமையாளரும் பெரிய பெயருமான மரியோ லெம்யூவின் வீட்டில் குடியேறியதும், பல வருடம் அங்கேயே இருந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் எதிர்க்கேள்வி ஒன்று வரும், வரவும் வேண்டும். வீட்டில் வைத்துச் சோறு போட்டு புத்தி சொல்லத்தான் சீனியர் என்றால், அவர் இன்னும் ஆட வேண்டும் என்று என்ன கட்டாயம்? கட்டாயமே இல்லை. சான் ஹோசே 2024-ல் அதைத்தான் செய்து காட்டியது. டிராஃப்டில் முதலில் எடுத்த மேக்லின் செலப்ரீனி தன் முதல் சீசனில் ஜோ தார்ன்டன் வீட்டில் தங்கினார். அவரோடு சேர்ந்து அறிமுகமான வில் ஸ்மித், பேட்ரிக் மார்லோ குடும்பத்தோடு தங்கினார். தார்ன்டனும் மார்லோவும் அந்த அணியின் பெரிய பெயர்கள், இருவரும் ஓய்வு பெற்றவர்கள். அணியின் 23 இடங்களில் ஒன்றைக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் "அனுபவம் சொல்லிக்கொடுப்பார்" என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஐஸில் இறக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சொல்லிக்கொடுக்க மட்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. ஆடும் சீனியர் ஆடிக் காட்ட வேண்டும்.

ஆடிக் காட்டியதற்கு யாரோமிர் யாகரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2015 பிப்ரவரியில் ஃபுளோரிடா அவரை நியூஜெர்சியிலிருந்து வாங்கியது. ஒரு இரண்டாம் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் உரிமை கொடுத்தது. அப்போது யாகருக்கு 43 வயது. அவரை நிறுத்தியது யாரோடு? 19 வயது அலெக்சாந்தர் பார்கோவ், 21 வயது ஜோனதன் ஹூபர்டோ. அடுத்த சீசனில் யாகர் எடுத்த 66 புள்ளிதான் அணியிலேயே அதிகம். நடுவில் 44 வயதும் ஆனது. ஃபுளோரிடா லீக் அட்டவணையில் 103 அணிப் புள்ளியோடு தன் டிவிஷனில் முதலிடம்.

வேகமாக ஸ்கேட் செய்ய அவரால் முடியவில்லை, ஆனால் அவர் பக்கைப் பிடித்த விதத்தைப் பாருங்கள். பலகையோரம் முதுகைக் காட்டி நிற்பார். கால்களை அகல விரித்து, இடுப்பை எதிராளியின் மேல் சாய்த்து, ஸ்டிக்கை நீட்டி பக்கை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்திருப்பார். எதிராளி இடப்பக்கம் வந்தால் இடுப்பு இடப்பக்கம், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். மூன்று நொடி, நான்கு நொடி இப்படியே போகும். இரண்டாவது ஆள் உதவிக்கு வந்ததும் அவன் விட்டுவிட்டு வந்த இடத்தில் ஹூபர்டோவோ பார்கோவோ நிற்பார், பக் அங்கே போய்விடும். 19 வயது சென்டர் இதை வீடியோவில் பார்க்கவில்லை, பத்தடி தள்ளி நின்று தினமும் பார்த்தார். ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ராத்திரியில் எடை கட்டிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தனியாக ஸ்கேட் செய்யப் போகும் மனிதரையும் பார்த்தார். பார்கோவ் பின்னாளில் கேப்டனாகி 2024, 2025 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். அதெல்லாம் யாகரால்தான் என்று நான் சொல்லவில்லை, பார்கோவின் திறமை பார்கோவினுடையது. ஆனால் அந்த வயதில் அந்தப் பக்கத்து இடம் கிடைத்தது பெரிய விஷயம்.

இன்னொன்று, புள்ளிக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத உதாரணம். 2008-ல் டாம்பா பே முதல் ஆளாக ஸ்டீவன் ஸ்டாம்கோஸை எடுத்தது. அணி படுமோசம், அந்த சீசனை முடித்தது 66 அணிப் புள்ளியில். அங்கே கேரி ராபர்ட்ஸ் இருந்தார், வயது 42. கழுத்துக் காயத்தால் 1996-ல் ஒருமுறை ஆட்டத்தையே விட்டுவிட்டு, சாப்பாடு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் மாற்றி உடம்பைத் திரும்பக் கட்டி வந்தவர். டாம்பாவில் அவர் ஆடியது 30 ஆட்டம்தான். சீசன் முடிவதற்கு முன்பே ஓய்வு பெற்றார். கணக்குப் பார்ப்பவர் வீண் செலவு என்றுதான் எழுதுவார். ஆனால் அந்தக் கோடையில் ஸ்டாம்கோஸ் ராபர்ட்ஸிடமே பயிற்சிக்குப் போனார். முதல் சீசனில் 23 கோல் அடித்த பையன் இரண்டாம் சீசனில் 51 அடித்து, கிராஸ்பியோடு சேர்ந்து லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். ராபர்ட்ஸ் ஓய்வு பெற்ற பிறகும் பயிற்சி கொடுத்திருக்கலாம், கொடுத்தார். ஆனால் அந்தப் பையன் அவரை நம்பத் தொடங்கியது ஒரே லாக்கர் ரூமில், அவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது வருகிறார் என்று பார்த்துத்தானே?

சரி, இதன் விலைக்கு வருவோம். பேட்ரிக் மார்லோ பெயரை மேலே சொன்னேன். 2017 ஜூலையில், 38-ஐ நெருங்கும் வயதில், டொரண்டோ அவருக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது, வருடத்துக்கு 62.5 லட்சம் டாலர். அணி அப்போதுதான் அடிமட்டத்திலிருந்து எழுந்திருந்தது. ஆஸ்டன் மேத்யூஸ், மிட்ச் மார்னர் இருவரும் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தார்கள். முதல் வருடம் மார்லோ 27 கோல் அடித்தார், ஓர் ஆட்டம்கூட விடவில்லை. மேத்யூஸும் மார்னரும் அவர் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, அவருடைய நான்கு மகன்களோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் கோல் 16 ஆகக் குறைந்தது. 2019 கோடையில் இளைஞர்களுக்குப் புது ஒப்பந்தம் போடும் நேரம் வந்தது. லீக்கில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது, மார்லோவின் மூன்றாம் வருடச் சம்பளம் குறுக்கே நின்றது. 35 வயதுக்கு மேல் போட்ட ஒப்பந்தம் என்பதால் காசைக் கொடுத்து முடித்து அனுப்பினாலும் கணக்கிலிருந்து போகாது. கடைசியில் அவரை ஏற்றுக்கொள்ளச் சொல்லி கரோலைனாவுக்குத் தன் 2020 முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையே டொரண்டோ கொடுத்தது. கரோலைனா அதை வைத்து 13-வது ஆளாக செத் ஜார்விஸை எடுத்தது. ஜார்விஸ் 2023-24 சீசனில் 33 கோல் அடித்தார். இரண்டு வருடமாகப் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தை இன்று எல்லோரும் பாராட்டிக்கொண்டிருப்போம். மார்லோ மேல் தப்பே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பணத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. உச்சவரம்பு போலவே சம்பளத்துக்குக் கீழ்வரம்பும் உண்டு. 2024-25-ல் அது 6.5 கோடி டாலர், உச்சவரம்பு 8.8 கோடி. பையன்கள் எல்லோரும் குறைந்த சம்பள முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் அணி அந்தக் கீழ்வரம்பை எட்ட யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும். அதனால் "அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருக்கலாமே" என்ற வாதம் பல நேரம் நிற்காது. அப்புறம், மார்ச் மாத டிரேட் கெடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள். பிளேஆஃப் போகும் அணிகள் அப்போது அனுபவசாலிகளைத் தேடும். மான்ட்ரியால் 2022-ல் ஷான் மோனஹனை எடுத்துக்கொண்டதற்கே கால்கரியிடமிருந்து ஒரு முதல் சுற்று உரிமை வாங்கியது. 2024 பிப்ரவரியில் அவரை வின்னிபெக்குக்கு அனுப்பி இன்னொரு முதல் சுற்று உரிமை வாங்கியது. மோனஹனுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை, ஆனால் வழிமுறை இதுதான். 36 வயதுக்காரருக்கு இவ்வளவு கிடைக்காது.

எவ்வளவு கிடைக்காது என்பதற்கு கைல் ஒகபோசோ. பஃபலோவில் எட்டு சீசன், கடைசி இரண்டு வருடம் கேப்டன். இளைஞர்கள் அவரை மதித்தார்கள், கடினமான நிமிடங்களை ஆடினார், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். ஆனாலும் அந்த எட்டு சீசனில் பஃபலோ ஒருமுறைகூட பிளேஆஃப் போகவில்லை. நல்ல சீனியர் ஒருவர் வந்துவிட்டால் அணி தேறிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: தப்பாகக் கட்டிய வீட்டை ஒரு தூணால் நிறுத்த முடியாது. 2024 மார்ச்சில் ஒகபோசோவை ஃபுளோரிடாவுக்கு அனுப்பி பஃபலோ வாங்கியது ஓர் இளம் ஆட்டக்காரரும் ஒரு ஏழாம் சுற்று உரிமையும்தான். அது வியாபாரமே இல்லை, உழைத்தவருக்குச் செய்த மரியாதை. ஜூனில் ஃபுளோரிடா ஸ்டான்லி கோப்பையை ஜெயித்தது. 36 வயதில் அதைத் தூக்கிவிட்டு அவர் ஓய்வு பெற்றார். பஃபலோவில் இருந்த பையன்களும் அதைப் பார்த்திருப்பார்கள்: இந்த அணிக்கு உழைத்தால் கடைசியில் நம்மைக் கைவிடமாட்டார்கள்.

நீங்கள் பார்க்கும் அணி சரியாகச் செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, அடுத்த ஆட்டத்தில் கோல்களை விட்டுவிட்டு மூன்று தருணங்களை மட்டும் கவனியுங்கள். நம் ஆள் தப்பு செய்து பெனால்டி பெட்டிக்குள் போய் நாம் ஓர் ஆள் குறைவாக ஆடும்போது முதலில் பலகையைத் தாண்டி இறங்குவது யார்? நம் கோல் பக்கத்து ஃபேஸ்ஆஃபுக்கு வட்டத்துக்குள் போவது யார்? இவை இரண்டிலும் சீனியர் இருந்தால் அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். மூன்றாவது, பவர்ப்ளே, அதாவது எதிரணி ஆள் பெட்டிக்குள் இருக்க நாம் ஓர் ஆள் கூடுதலாக ஆடும் நேரம். அதில் ஒரு நிமிடத்துக்கு மேல் 36 வயதுக்காரர் நின்றுகொண்டிருக்க, 20 வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டிருந்தால், கோச்சைக் கேள்வி கேளுங்கள். அந்தப் பையனைவிடத் திறமையான இன்னொருவன் கீழ் லீக்கில், ஏ.எச்.எல்.லில், புள்ளி குவித்துக்கொண்டு காத்திருந்தால் ஒப்பந்தம் போட்ட ஜெனரல் மேனேஜரையும் சேர்த்துக் கேளுங்கள்.